மதம் என்ற கட்டம்

1986 பெப்ரவரி 4, செவ்வாய்

பனி, முழங்கால் வரை. வெளிப்படிகளை வழித்தது நான். ஒரே வீட்டில் கூட இருக்கும் சிவஞானம் அண்ணைக்கு முதுகுப் பிடிப்பு. ஜன்னலுக்குள் நின்று எப்படி வழிப்பது என்று கை காட்டினார்.

செய்ய:
சப்பாத்துக்குள் வைக்க மட்டை.
டெப்பனேரில் (மூலைக்கடைக்கு இங்கே அதுதான் பெயர்) பால், பாண்.
வியாழன் வக்கீல். கலியாணச் சான்றிதழ் மறக்காமல்.
கிறேஸுக்குக் கடிதம். மூன்று வாரமாகக் கடத்தியாயிற்று. எனக்கு மனைவி என்று ஒருத்தி மட்டக்களப்பில் இருக்கிறாள் என்பதை இப்படி எழுதிவைத்துத்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. வெட்கம்.

வேலை பத்து மணித்தியாலம். ஒன்பது வருடம் மெய்யியல் படிப்பித்தவன் கோப்பை கழுவுகிறேன். அவமானம் இல்லை, அலுப்புத்தான். அவமானப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

மெட்ரோவில் நின்றபடி பழைய பாடக் குறிப்பை மனதில் ஓட்டிப் பார்த்தேன். போன நூற்றாண்டு ஜெர்மன்காரர் இருவர். பெ. (பெர்லினில் பாடம் எடுத்த பெரியவர், முழுப்பெயர் எழுதக் கை மறுக்கிறது). மா. (அவருடைய பாடத்தைக் கேட்டுவிட்டு அவரையே தலைகீழாக்கிய மாணவர், தாடிக்காரர்). பெ. சொன்னது: நினைத்ததைச் செய்வது சுதந்திரம் அல்ல, மற்றவர்களோடு சேர்ந்து வாழும் ஒழுங்கில் மனிதன் தன்னையே கண்டுகொள்வதுதான் சுதந்திரம். கதவு திறந்ததும் ஒரு மனுஷி என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு ஏறினாள். அதற்கு மேல் ஞாபகம் வரவில்லை.

பெப்ரவரி 6, வியாழன்

குளிர் கொடூரம். மூக்குக்குள் மயிர் உறைந்தது.

வக்கீல் இளம் பெண், கியூபெக்காரி. மேசை முழுக்க பாதி குடித்த கோப்பி. சான்றிதழைப் பார்த்தார், அகதி விண்ணப்பப் பாரத்தைப் பார்த்தார், மறுபடியும் சான்றிதழை. ஆங்கிலத்தில் கேட்டார்.

"உங்கள் கலியாணம் மெதடிஸ்ட் தேவாலயத்தில். பாரத்தில் மதம் இந்து என்று இருக்கிறதே?"

"ஒன்றுமில்லை என்றுதான் எழுதச் சொன்னேன்."

"தேர்த் திருவிழாவில் வைத்து ராணுவம் உங்களைப் பிடித்தது என்றும் இருக்கிறது."

நான் எந்தத் தேருக்கும் போனவன் இல்லை. என்னைப் பிடித்தது பஸ்ஸில். பைக்குள் மா.வின் புத்தகம், அட்டையில் அவர் தாடி. அந்தத் தாடியைப் பார்த்து ஏதோ புரட்சித் தலைவர் என்று ஆமிக்காரன் முடிவுகட்டிவிட்டான். "இவர் கடவுளைப் பற்றி எழுதினவர்" என்றேன். "எந்த இயக்கம்?" என்றான். பத்தொன்பது நாள் முகாமில். இடது காது இன்றுவரை சரியாகக் கேட்பதில்லை.

"படித்துப் பார்த்துத்தானே கையெழுத்து வைத்தீர்கள்?"

பாரம் பிரெஞ்சில். எனக்குத் தெரிந்த பிரெஞ்சு பொன்ஜூர், மெர்சி. படிக்கவில்லை. யார் சொன்னாலும் சொந்த அறிவால் சோதித்துப் பார்க்காமல் ஏற்காதே என்று வருடா வருடம் முதல் வகுப்பில் சொன்னவன். ஊருக்குத்தான் உபதேசம்.

விசாரணை வரும் புதன். அகதிக் கடதாசி கிடைத்தால் கிறேஸையும் மகள் சின்னவளையும் கூப்பிடலாம். கிடைக்காவிட்டால் முடியாது. மற்றதெல்லாம் பேச்சு.

பின்னேரம். அண்ணை பாரிஸில் இரண்டு வருடம் இருந்து பிரெஞ்சு பழகியவர். இந்தக் கட்டடத்தில் யாருக்குப் பாரம் நிரப்புவதென்றாலும் அவர்தான், ஒரு சதம் வாங்கமாட்டார். புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தார். கேட்டேன்.

"ஓம், நான்தான் மாத்தினனான். புத்தகத்திலை தாடிப் படம் இருந்தது, அதாலை பிடிச்சவங்கள் எண்டால் ஆர் மாஸ்ரர் நம்புறது? நானே நம்பேல்லை. முந்தி ஒருத்தருக்குக் கோயில் எண்டு எழுதினது, சரிவந்தது."

"அவருக்கு அது நடந்தது, அண்ணை."

"உங்களுக்கும் அடி விழுந்தது உண்மைதானே. இடம் மட்டும்தான் வேறை."

"மதத்தை ஏன் மாத்தினீங்க?"

"ஒண்டுமில்லை எண்டால் கம்யூனிஸ்ட் எண்டு நினைப்பாங்கள். வேதக்காரர் எண்டு போடுவம் எண்டு பாத்தன். பேந்து, கிறிஸ்தவனுக்குத் தேரிலை என்ன வேலை எண்டு கேப்பாங்களெல்லோ?"

ஓட்டை இல்லாத தர்க்கம். கோபத்துக்கு நடுவில் சிரிப்பும் வந்து தொலைத்தது.

"மட்டக்களப்பார் மந்திரம் போட்டு ஆளைப் பாயோடை ஒட்டுவினம் எண்டு சொல்லுறது. நீங்கள் என்னடா எண்டால் ஒரு சின்னப் பொய்யை ஒட்டத் தெரியாமல் நிக்கிறியள்."

புட்டுத் தின்றேன். நல்ல புட்டு.

பெப்ரவரி 9, ஞாயிறு

வேலை இல்லை. உடம்பு முழுக்க ஈயம். வில்லரே பக்கம் தேவாலய மணி, பதினொரு மணிக்கு.

கிறேஸின் கடிதம் வெள்ளியே வந்து முந்திக்கொண்டுவிட்டது. "நீங்க அங்க சேர்ச்சுக்குப் போறீங்களா? போகமாட்டீங்க, தெரியும். பிள்ளை ஒவ்வொரு நாளும் உங்களுக்காக ஜெபம் பண்ணுறாள். நீங்க பண்ணாட்டியும் அவளுக்காகவாவது மறுக்காம இருங்க."

மதம் படமாகக் காட்டுவதைத்தான் அறிவு கருத்தாகச் சொல்கிறது, இரண்டும் ஒரே உண்மை என்பார் பெ. அப்படியென்றால் சின்னவளின் ஜெபமும் என் பாடக் குறிப்பும் ஒன்று. கடிதத்தின் அடியில் ஜெபத்தை எழுதியிருக்கிறாள், அவளுடைய கையெழுத்துத்தான் அழகு.

வக்கீல், ஞாயிறென்றும் பாராமல், தொலைபேசியில்: "பொய் சொல்லச் சொல்லி நான் சொல்லமாட்டேன். திருத்தினால் உங்கள் வார்த்தையையே சந்தேகிப்பார்கள் என்பதை மட்டும் சொல்கிறேன்."

பொய் எனக்குப் புதிதல்ல. முகாமில் கேட்ட எல்லாவற்றுக்கும் ஓம் என்றேன். ஆனால் அந்தப் பத்தொன்பது நாள் என்னுடையது. ஊரில் இருந்து நான் கொண்டுவந்ததே அவ்வளவுதான். அதையும் யாரோ ஒருவரின் தேரோடு அனுப்பிவிட்டால், கிறேஸ் வந்து இறங்கும்போது எந்த ஆளிடம் வருவாள்?

சொக்ஸ் தோய்த்தேன். ஹீற்றரில் காயப்போட்டது கருகிவிட்டது.

பெப்ரவரி 12, புதன்

வெயில், அதே குளிர். அண்ணையின் கோட்டைப் போட்டுப் போனேன். கை நீளம்.

சின்ன அறை. அதிகாரி, வக்கீல், டேப் ரெக்கோடர். மொழிபெயர்க்க ஒரு சென்னை அம்மா, சேலைக்கு மேல் பனிக்கோட்டு. மேசையில் சிவப்புத் துணி சுற்றிய புத்தகம்.

"சார், சத்தியம் பண்ணணுமாம். ஃபார்ம்ல இந்துன்னு இருக்கு, அதனால இதை எடுத்து வெச்சிருக்காங்க. கையை வெச்சுக்கோங்க."

கை போகவில்லை. வீரம் ஒன்றும் இல்லை. சும்மா போகவில்லை.

"எனக்கு மதம் இல்லை அம்மா. வெறும் வாயால உறுதி சொல்லுறன். அந்தப் பாரம் பிழை எண்டும் சொல்லுங்க."

"நிஜமா சொல்லிடட்டுமா சார்?"

"சொல்லுங்க."

சொன்னார். வக்கீல் கண்ணை மூடித் திறந்தார். உறுதி எடுத்தேன். பஸ், புத்தகம், தாடி, காது, எல்லாம் சொன்னேன். அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி.

"இந்தப் பாரத்தை எழுதியது யார்?"

"தெரியாது. மெட்ரோவில சந்திச்ச ஒரு ஆள். பேர் கேக்கல்ல."

உண்மை சொல்வேன் என்று கடவுள் இல்லாமல் உறுதி எடுத்துப் பத்து நிமிடம் ஆகவில்லை. அவர் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. இந்தப் பொய்யை நம்பாதவர் தாடியை எப்படி நம்புவார்?

பெப்ரவரி 13, வியாழன்

வேலை. இரண்டு பிளேட் உடைந்தது. யாரும் ஏசவில்லை, அதுவே பாரமாக இருந்தது.

அண்ணையிடம் நடந்ததை இன்றுதான் சொன்னேன். "என்ரை பேரைச் சொன்னீங்களோ?" என்றார். இல்லை என்றேன். பருப்பில் உப்புப் போட மறந்திருந்தார்.

பெப்ரவரி 18, செவ்வாய்

பனி கரைந்து சேறு. சப்பாத்து நாசம்.

வக்கீல் அழைத்தார். மறுபடியும் ஒரு தரம் என்னைக் கேட்பார்களாம், அடுத்த புதன். பாரத்தை எழுதியவர் நேரில் வந்து, தானாகத்தான் மாற்றி எழுதினேன் என்று ஒப்புக்கொண்டால் என் சொல் நிற்கும். வராவிட்டால் கஷ்டம். வருகிறவருக்கு அதனால் நல்லது நடக்காது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அண்ணை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் அவரிடம் விஷயத்தைச் சொல்லி, ஆள் கிடைக்கவில்லை என்று வக்கீலிடம் சொல்லிவிடலாம் என்றேன்.

"நான் வாறன்."

"விசர்க்கதை கதைக்காதீங்க. உங்கட கேஸ் என்னாகிறது?"

"அதைப் பேந்து பாப்பம்."

"ஏன் அண்ணை?"

"வெள்ளிக்கிழமை பூசையிலை கும்பிடப் போய் நிண்டனான் மாஸ்ரர். கண்ணை மூடேலாமல் கிடந்தது. பிள்ளையார் என்னைப் பாத்துக்கொண்டெல்லோ நிக்கிறார்."

மா.விடம் இதற்கு விளக்கம் இருக்கிறது: மனிதன் தன்னில் இருக்கும் நல்லதையெல்லாம் எடுத்து மேலே வைத்து, கடவுள் என்று பெயரிட்டுக் கும்பிடுகிறான். அண்ணையைப் பார்த்துக்கொண்டு நின்றது அண்ணைதான். பாடமாக எத்தனை தரம் சொல்லியிருப்பேன். இப்போது அழுகை வந்தது. குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவினேன்.

வேண்டாம் என்று இன்னும் இரண்டு தரம் சொன்னேன். மூன்றாம் தரம் சொல்லவில்லை. கிறேஸ், சின்னவள். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவைக்கிறேன்.

இன்னும் எட்டு நாள் இருக்கிறது, அண்ணை இப்போதே சேர்ட் அயர்ன் பண்ணுகிறார், வெள்ளைச் சேர்ட். அதிகாரியைப் பிரெஞ்சில் எப்படி மரியாதையாகக் கூப்பிடுவது என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறார். அவருடைய சொந்த அகதி விசாரணைக்கு இன்னும் திகதி வரவில்லை. அவருடைய மனுஷியும் மூன்று பிள்ளைகளும் இன்னும் மானிப்பாயில்.