ஈர மணலில் ஜோடி ஆட்டம்

அக்கா, அதுக்குன்னு ஒரு மாசமாவா எங்கூட பேசாம இருப்ப? சிதம்பரம் டேபிள் டென்னிஸ் போட்டியில எனக்கு மூச்சு வாங்குனதாலதான் தோத்தோம், என் தப்புதான். அதான் தெனம் காத்தால தேவனாம்பட்டணம் கடற்கரைக்கு ஓடிடறேன். ஈர மணல்ல நண்டு மாரி பக்கவாட்டுல குதிச்சுப் பழகுறேன். வலை இழுக்குறவங்க, "பந்து எங்க பாப்பா?"ன்னு சிரிக்கிறாங்க.

டபுள்ஸ்ல நான் அடிச்சா அடுத்தது நீதான அடிக்கணும்? தனியா குதிக்கிறப்பகூட ஒவ்வொரு அடிக்கும் ஒனக்கு வழிவிட்டு வெலகுறேங்க்கா. அந்த எடம் காலியாவே கெடக்குது.

கூழு மூடி வச்சிருக்கேன். பள்ளிக்கூடம் போறப்ப சாவிய பக்கத்து வீட்டு தைலம்மா அத்தகிட்ட குடுத்துடு.

குப்பு

சொல்ல மறந்துட்டேன், நேத்து நிக்காம ரெண்டு மைல் ஓடுனேன்! அடுத்த மாசம் சிதம்பரத்துல மறுபடி போட்டியாம். நம்ம ரெண்டு பேரையும் சேத்து எழுதிக் குடுக்கட்டுமாக்கா, என்ன சொல்ற?