கலங்கல் பக்கம் காற்று நன்றாக வருமாம், நைனா

என் செல்ல நைனாவுக்கு,

நீ போன பிறகு நம் ஏரிக்குப் பூங்கா வந்துவிட்டது. கரை நெடுக டைல்ஸ் பாதை, புங்கமரத்தடியில் பெஞ்சுகள், மிதிபடகு, ஐஸ்கிரீம் வண்டி. ஞாயிற்றுக்கிழமையானால் காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் இங்கேதான். அரசாங்கப் பூங்கா, டிக்கெட் வாங்கினால் யாரும் உள்ளே போகலாம் என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

உனக்குச் சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது.

பட்டுப்புடவை எடுக்க வரும் சனங்களுக்கு உன் ஆட்டோவில் கோயில் கோயிலாகக் காட்டிவிட்டு, நேரமிருந்தால் இந்த ஏரிக்கும் கூட்டி வருவாயே. கரையோரம் வண்டியை நிறுத்தி, "நீங்க படித்துறையில எறங்கிப் பாத்துட்டு வாங்க, நான் வண்டியப் பாத்துக்கினு இருக்கறேன்" என்பாய். வண்டியை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? படித்துறை ஊர்த்தெருவுக்கு, காலனிக்காரர்களுக்குக் கலங்கல். ஏரி நிரம்பி, மிஞ்சி, வழிந்து வெளியே ஓடுகிற தண்ணீர்தான் நமக்கு. நிரம்பாத வருஷத்தில் அதுவும் கிடையாது. இதை ஒரு நாளும் நீ வாய்விட்டுச் சொன்னதில்லை. ஏன் நைனா?

போன ஞாயிறு எனக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் டூட்டி இல்லை. அம்மாவைக் கிளப்பினேன். நீ போனதிலிருந்து வீட்டை விட்டு நகராதவள், அதிசயமாகப் புளிசோறும் முட்டையும் கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். டிக்கெட் வாங்கி உள்ளே போனோம். கரையில் கால் வைத்ததுமே என்ன செய்தாள் தெரியுமா? செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். படித்துறையை ஏறிட்டும் பார்க்காமல் நேராகக் கலங்கல் பக்கம் திரும்பி நடக்கிறாள்.

வெயிலில் டைல்ஸ் தோசைக்கல்லாகக் கிடந்தது. "எம்மா, செருப்பப் போடு. இது இன்னா கோயிலா?" என்றேன்.

"மறந்தாப்ல கழட்டிட்டேன்டீ" என்றாள். மறதியாம்! நம் சனங்கள் இந்தக் கரையில் செருப்போடு நடக்கக்கூடாது என்று சின்ன வயதில் யார் யாரோ அதட்டியதை அவள் கால் மறக்கவே இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குள் டிக்கெட் கிழிக்கிறவர் பின்னாலேயே வந்துவிட்டார். ஊர்த்தெருக்காரர். குரலில் தேன் ஒழுகுகிறது. "அம்மா சரியாத்தான் போறாங்க பாப்பா. உங்காளுங்க எல்லாம் கலங்கல் பக்கம்தான் உக்காருவாங்க. அங்க காத்து நல்லா வரும்."

காற்று! நம் மேல் எவ்வளவு கரிசனம் பார்.

"அவ்ளோ நல்ல காத்துன்னா நீங்க போய் வாங்கிக்கங்கண்ணா. நாங்க படித்துறையில உக்காந்துக்கறோம்."

"எதுக்குப் பாப்பா பிரச்சன? பெரியவங்க பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

"நெனைச்சிக்கட்டும். டிக்கெட்ல எந்தப் பக்கம்னு போட்டிருக்குதா? காட்டுங்க."

என் குரல் உயர்ந்துவிட்டது. ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லப்போகிறாள் என்றே நினைத்தேன். சொல்லியிருந்தால் நானும் கிளம்பியிருப்பேன்.

அவள் செருப்பைக் கீழே போட்டுக் காலை நுழைத்தாள். "வாடீ, பசிக்குது" என்று சொல்லிவிட்டு, அவரைச் சுற்றிக்கொண்டு படித்துறைக்கு நடந்தாள். மேல்படியோடு நின்றுவிடுவாள் என்று பார்த்தால், கடைசிப் படி வரை இறங்கி, தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் நின்று பார்த்தார். நாங்கள் அவசரமே இல்லாமல் சாப்பிட்டோம்.

அப்புறம் மிதிபடகு. நடு ஏரிக்குப் போனதும் அம்மா மிதிப்பதை நிறுத்திவிட்டு, "இது யாரு பக்கம்டீ?" என்றாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "எத்தினி பேர இட்டாந்து காட்னாரு, அவரு ஒருதரம் எறங்கிப் பாக்கலியே" என்றாள். நீ அங்கே இருந்திருக்க வேண்டும் நைனா.

நேற்று ஊர்த்தெருவிலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். பொண்ணு படிச்ச பொண்ணு, சொன்னால் புரிந்துகொள்ளும், இன்னொரு தரம் இப்படி வேண்டாம் என்று. என் பதிலை உனக்குத்தான் எழுதுகிறேன். அவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

வருகிற காணும் பொங்கலுக்கு நம் தெருவே அங்கே வருகிறது. எல்லோரும் செருப்புப் போட்டுக்கொண்டுதான் வருவோம். கறிக்குழம்பும் சோறும் கொண்டுவந்து, படித்துறையில் வரிசையாக இலை போடுவோம். முதல் இலை உனக்குப் படையல். யார் வந்து தடுத்தாலும் அந்த இலை அங்கேதான் விழும், இது உன் மகள் கொடுக்கிற வாக்கு.

நீ ஒன்றே ஒன்று செய் நைனா. அன்றைக்கு நேராகப் படியிறங்கி வந்து இலைமுன் உட்கார். பழக்க தோஷத்தில் கலங்கல் பக்கம் போய் நின்றுவிடாதே.

வாய் நீளம் என்று நீ திட்டித் திட்டி வளர்த்த மகள்,
செல்வி