போட்ரம் கடற்கரைத் தபாலட்டை

12.10.1991, சனி. வெம்பிளி.

கடையில் என்னோடு வேலை செய்யும் துருக்கிக்காரன் கெமால், கோடையில் ஊருக்குப் போய் வந்தபோது போட்ரம் கடற்கரைத் தபாலட்டை ஒன்று தந்தான். வெள்ளை வீடுகள், வரிசையாகக் குடைகள். நான் அங்கே விடுமுறைக்குப் போனதாக அதில் எழுதி, உறையில் போட்டு அம்மாவுக்கு அனுப்பினேன். நான் தனியே கிடக்கிறேன் என்று அவர் கவலைப்படாமல் இருக்கத்தான்.

இன்று பதில் வந்தது.

“துருக்கிக்குப் போக ஏலுமெண்டால் இந்தியாவுக்கும் வர ஏலும்தானே, தம்பி. நான் கொழும்புக்கு வந்திட்டன். பொங்கலுக்குத் திருச்சியில நிப்பன். வந்து முகத்தைக் காட்டிப்போட்டுப் போ.”

அகதி வழக்கு முடியும்வரை இந்த நாட்டை விட்டு நான் நகர முடியாது. அதை அம்மாவுக்குச் சொன்னதே இல்லை. லீவு இல்லை என்று எழுதத் தொடங்கிக் கிழித்துவிட்டேன். கடல் பார்க்கப் போனவனுக்குப் பெற்ற தாயைப் பார்க்க நேரமில்லை என்றுதான் நினைப்பார்.