முதல் குடி யார்?

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமில்லை என்று காட்டும் சான்று எதுவும் இதுவரை வந்து சேராததால், நலமாகவே இருக்கிறீர்கள் என்று கொள்கிறேன். அம்மாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, அதாவது குறைந்ததாக அவள் சொல்கிறாள், மாடிப்படி ஏறும்போது முகத்தைப் பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது.

நம் குடும்ப வரலாற்றுப் புத்தகம் அச்சகம் வரை போய் நின்றது. காட்டைத் திருத்தி இங்கே முதல் வீட்டைக் கட்டியவர் உன் கொள்ளுத்தாத்தா என்பதால், உன் அத்தை 'இவ்வூரின் முதல் குடி' என்று தலைப்பு வைத்திருந்தாள். சொல்லில் குற்றமில்லை என்று நானும் ஒப்புதல் அளித்திருந்தேன். அச்சகக்காரர் மேலட்டையைப் பார்த்துவிட்டு, "சார், இது மதுவிலக்குப் புத்தகமா? நடுவுல ஒரு பாட்டில் படம் போட்டுடலாமா?" என்று பணிவாகவே கேட்டார். அம்மா சிரித்த சிரிப்பில் பக்கத்திலிருந்த காகிதக் கட்டு சரிந்தது. அத்தைக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க தாத்தா ஒரு சொட்டுத் தொட்டதில்லை, தெரியுமா அண்ணி?" என்று பொரிந்தாள்.

அத்துடன் விட்டிருக்கலாம். ஆனால் முன்னுரையின் கீழ் கையெழுத்திட வேண்டியவன் நான், ஐயமுள்ள எதிலும் கையெழுத்திட்டுப் பழக்கமில்லை. முதல் அத்தியாயத்தில், இரவெல்லாம் மாட்டுவண்டி ஓட்டிவந்த தாத்தா ஓடையைக் கண்டு, இதுவே இடம் என்று நிறுத்துகிறார். இரண்டாம் அத்தியாயத்தில், காலையில் வண்டியிலிருந்து இறங்கியவர் நேராக அதே ஓடைக்குள் விழுகிறார். கண்டு நிறுத்தியவர் எப்படி விழுந்தார் என்று மட்டும் உன் அத்தையிடம் கேட்டேன். "தூங்கிட்டு வந்த மனுஷனுக்கு ஓடை இருக்கிறது எப்படிண்ணா தெரியும்?" என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு மெல்ல மெல்ல எல்லாம் வெளியே வந்தது. உன் கொள்ளுப்பாட்டியே தன் வாயால் அவளிடம் சொன்னதாம். புறப்படும் முன் நண்பர்கள் வைத்த விருந்தில் மூக்கு முட்டக் குடித்துவிட்டு வண்டியில் சாய்ந்தவர்தான் தாத்தா. மாட்டை ஓட்டியது, இடம் பார்த்தது, விடியுமுன் அடுப்பு மூட்டியது எல்லாம் பாட்டி. நிலப் பத்திரத்தில் தாத்தாவின் பெயர் மட்டும், நம் புத்தகத்திலோ பாட்டிக்கு 'மனைவியுடன்' என்ற ஒரே சொல்.

அம்மா விடவில்லை. "அப்போ தலைப்பு ரொம்பப் பொருத்தம், ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு அர்த்தம்" என்றாள். அத்தை அழும் நிலைக்கு வந்துவிட்டாள். அச்சேற்றினால் தாத்தாவின் மானம் போகும், ஏற்றாவிட்டால் பாட்டி செய்ததைச் சொல்ல இனி ஒருவரும் இல்லை. கடைசியில் அவளே, "அவர் தூங்கினார்னு போடுண்ணா. ஏன் தூங்கினார்னு யாரும் கேக்கக் கூடாது" என்றாள். தூங்கினார் என்பது உண்மை, தூக்கத்துக்குக் காரணம் காட்டும் கடமை எந்தச் சட்டத்திலும் இல்லை. ஆகவே கையெழுத்திட்டேன். புத்தகம் இப்போது இப்படித் தொடங்குகிறது: வண்டியை ஓட்டிவந்து இந்த இடத்தைத் தேர்ந்தவர் எங்கள் பாட்டி, தாத்தா அப்போது தூங்கிக்கொண்டிருந்தார்.

தலைப்பையும் 'முதலில் குடியேறியவர்கள்' என்று மாற்றிவிட்டோம். பன்மை என் யோசனை.

இரவில் வெகுநேரம் விழிக்காதே, வீட்டு ஒப்பந்தத்தைப் படிக்காமல் புதுப்பிக்காதே. போன இடத்தில் நீங்கள் இருவரும் வேரூன்றி நிறைவாக வாழ வேண்டும் என்று எங்கள் இருவரின் ஆசிகள். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும், அத்தை அழைத்தால் புதுத் தலைப்பைப் பற்றிப் பேச்செடுக்காதே. அதன் கடைசியிலும் 'கள்' இருக்கிறது என்று அம்மா சொல்கிறாள். அத்தை இன்னும் கவனிக்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா