புலிக்குக் கட்டிய நாய்

டிச. 17, புதன்
காலை முழுக்க மூடுபனி. எதிர்ச்சரிவுத் தேயிலைகூடத் தெரியவில்லை. பாப்பாவின் துணி காயவே இல்லை, அடுப்புக்கு மேல் கொடி கட்டினேன்.
மேல் லயத்து வீட்டு வரிசையில் கன்றுக்குட்டியைச் சிறுத்தை அடித்துவிட்டதாம். இங்கே எல்லோருக்கும் அது புலிதான். மாமியார் எங்கிருந்தோ ஒரு கறுப்பு நாயைப் பிடித்து வந்து எங்கள் வாசலில் சங்கிலி போட்டார். காவலுக்கு அல்ல. எல்லா லயத்திலும் இருக்கும் வழக்கம்தான்.
"புலி வந்தா நாயோட போயிரும். புள்ள தப்பிச்சிக்கிடும்."

டிச. 18, வியாழன்
பாப்பாவுக்குச் சளி. கற்பூரவல்லிச் சாறு. துப்பிவிட்டாள்.
அவள் தூங்கியதும் போனில் சிறுத்தை பற்றிப் படித்தேன். பி.எஸ்ஸி. விலங்கியல் இதற்காவது உதவட்டும். ஆப்பிரிக்காவிலும் இதே இனம். அங்கே மானைக் கொன்று மரத்தில் ஏற்றிவைத்துத் தின்கிறது. இங்கே அதற்கு நாய் போதும். பகலெல்லாம் தேயிலைக்குள் படுத்திருக்கும், கொழுந்து கிள்ளிக்கொண்டே பக்கத்தில் தாண்டிப் போவோம். தீனி கிடைத்த இடத்துக்குத் திரும்பவும் வரும்.
ஆக, நாயைக் கட்டினால் புலி போகாது. வரும். மாமியாரிடம் சொன்னேன்.
"படிச்சவ சொல்லிட்டா. புலி கேட்டுக்கிடும்."
கணவர் சிரித்தார்.

டிச. 19, வெள்ளி
பால் பவுடர் தீர்ந்தது. ஜன்னல் கொக்கி சரியில்லை.
எங்கள் வரிசையில் கடைசி வீடு செல்வியுடையது. அவள் பையனுக்கும் பாப்பா வயதுதான். இருட்டியதும், அவள் கதவைச் சாத்திய பிறகு, நாயை அவிழ்த்துக் கொண்டுபோய் அவள் வீட்டுக் கம்பத்தில் கட்டினேன். வாலாட்டிக்கொண்டே வந்தது. ஒரு பன் போட்டேன்.
மாமியார் பார்த்தார். சாப்பாட்டில் எனக்கு மட்டும் முட்டை பொரித்து வைத்தார்.

டிச. 20, சனி
நாய் இல்லை. கம்பத்தில் சங்கிலி மட்டும். தேயிலை வரை ரத்தம் இழுபட்டிருக்கிறது. செல்வியின் கதவிலிருந்து கை நீட்டினால் எட்டும் தூரம்.
பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். யார் கட்டியது என்று அவள் கேட்கவே இல்லை.
"சத்தம் கேட்டுச்சுக்கா. உங்க வாசல்னு நெனச்சேன். நிம்மதியாத் திரும்பிப் படுத்துட்டேன்."
டீ கொடுத்தேன். குடித்தாள். பிள்ளைகள் இரண்டும் ஒரே ரஸ்க்குக்குச் சண்டை.
போகும்போது மாமியாரிடம் மெதுவாக விசாரித்தாள், அந்த நாயை எங்கே பிடித்தார் என்று. அவளுக்கும் ஒன்று வேண்டுமாம்.