ஆக்டோபஸின் கைக்குக் கீழே

மார்ச் 3, செவ்வாய்

பேய்ச் சுரங்கத்துக்கு இன்றோடு முழுக்குப் போட்டாயிற்று. வாசலில் தொங்கிய எலும்புக்கூடுகளை லாரியில் ஏற்றினார்கள். ஒன்றின் கை கழன்று என் காலடியில் விழுந்தது, எடுத்துக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் எங்கள் பொழுதுபோக்குப் பூங்காவில் ரோலர் கோஸ்டர் ஓடாது. மறுபடி திறக்கும்போது கடலாக இருக்குமாம் — பவளப்பாறை, சுறா, சிரிக்கிற ஆக்டோபஸ். நான் வேலைக்குச் சேர்ந்தபோது டைனோசர் காடாக இருந்தது, அப்புறம் பேய். இதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் வேஷம் மாற்றுவது. தண்டவாளம் அதேதான். முதல் இறக்கத்தில் வயிறு தொண்டைக்கு வருவதும் அதேதான்.

என் வேலையும் மாறவில்லை. வரிசை முகப்பில் அளவுக்கம்போடு நின்று, உயரம் போதாத குழந்தைகளைத் திருப்பி அனுப்ப வேண்டும். உயரப் பலகையில் டைனோசரின் வாலுக்குக் கீழே நின்றவர்களை அனுப்பினேன், பிறகு பேயின் கைக்குக் கீழே நின்றவர்களை. வாங்கிக் கட்டிக்கொண்ட சாபத்துக்கு இந்நேரம் என் மேல் புல் முளைத்திருக்க வேண்டும்.

மார்ச் 8, ஞாயிறு

மகள் பேசினாள். ஞாயிற்றுக்கிழமை போன் என்பது எங்களுக்குள் ஒரு கடமை. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். மாத்திரை போட்டீங்களா, போட்டேன். வெச்சிடட்டுமா, சரி. என் மனைவி இருந்தவரை போன் அவள் கையில்தான் இருக்கும். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன், அதையே பேச்சு என்று நினைத்திருந்தேன்.

இன்று சொல்ல ஒரு விஷயம் இருந்ததால் கடலைப் பற்றிச் சொன்னேன். “அப்படின்னா பாப்பாவைக் கூட்டிட்டு வரலாமேப்பா. பேய்னு பயந்துதானே இத்தனை நாளா வரல” என்றாள்.

வாங்க என்றேன். வாங்க வாங்க என்று மறுபடியும் சொன்னேன் போலிருக்கிறது. அவள் சிரித்துவிட்டாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

பெயிண்டர் உயரப் பலகைக்கு வந்துவிட்டார். டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் செய்கிற முதல் வேலை, பலகையில் இருக்கிற சிவப்புக் கோட்டின் மேல் டேப் ஒட்டி மறைப்பது. மேலே என்ன வேஷம் வந்தாலும் கோட்டைத் தொடக் கூடாது. முதல் தடவை வேஷம் மாற்றியபோது யாரோ குத்துமதிப்பாகப் புதுக் கோடு போட்டு, அது ஒரு விரல் தள்ளிப்போய், திறப்பு விழாவே நின்றுவிட்டது. அன்றிலிருந்து இந்தப் பழக்கம். எல்லாம் காய்ந்த பிறகு கடைசியாக டேப்பை உரிப்பார்.

மனுஷன் ஓயாமல் பேசுவார். நான் இல்லாத வேலையை உண்டாக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். “உங்களுக்கு என்கிட்ட வேலை ஒண்ணும் இல்ல அண்ணே, பேச ஆள் வேணும், அவ்வளவுதான்” என்று போட்டு உடைத்தார். மதியம் அவர் தன் ஆட்களோடு சாப்பிடப் போய்விட்டார். ஓடாத வண்டியின் கடைசி வரிசையில் உட்கார்ந்து நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

ஏப்ரல் 19, ஞாயிறு

மகள் பேசவில்லை. நானே கூப்பிட்டிருக்கலாம்.

ஏப்ரல் 20, திங்கள்

கூப்பிட்டேன். எடுக்கவில்லை. அப்புறம் “வேலை அதிகம்பா” என்று ஒரு வரி வந்தது. சரி என்று அனுப்பினேன். வேறு என்ன அனுப்புவது?

மே 2, சனி

திறப்பு விழா. இப்படி ஒரு நாளை நான் பார்த்ததே இல்லை.

பேய் இருந்தபோது பொடிசுகள் வாசலைப் பார்த்தே ஓடிவிடும், எனக்குப் பாதி வேலை மிச்சம். இப்போது ஆக்டோபஸ் சிரித்துக்கொண்டே வா வா என்கிறது. விளம்பரத்தில் வேறு, பால் பல் விழாத குழந்தைகள் கையைத் தூக்கிக்கொண்டு இறக்கத்தில் வருகிறார்கள். பெயிண்ட் அடித்தால் வண்டி மெதுவாக ஓடும் என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். இடுப்புக் கம்பி என்னவோ அதே கம்பி, சின்ன உடம்பைப் பிடிக்காது.

இருட்டு வாசலில் கேட்காத அழுகையை எல்லாம் இன்று இந்தப் பவளப்பாறையில் கேட்டேன். ஒரு அப்பா, “ஆக்டோபஸே சிரிக்குது, உங்களுக்கு என்ன?” என்று கேட்டார். விளம்பரத்தை மாற்றச் சொல்லி மேலாளரிடம் போனேன். அது தன் பிரிவு இல்லை என்றார்.

வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போதுதான் உறைத்தது. பாப்பா எவ்வளவு உயரம்? எனக்குத் தெரியாது. ஊர்ப் பிள்ளைகளை எல்லாம் அளக்கிற தாத்தாவுக்குப் பேத்தியின் உயரம் தெரியாது.

மே 10, ஞாயிறு

இருபத்து மூன்றாம் தேதி வருகிறார்களாம். மாப்பிள்ளை லீவு சொல்லிவிட்டாராம்.

பாப்பாவைச் சுவரோரம் நிறுத்தி அளந்து பார் என்று சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. உயரம் போதாது என்று தெரிந்தால் — வராமல் இருந்துவிட்டால்? வாயை மூடிக்கொண்டேன்.

மே 16, சனி

பாப்பா வயதுக் குழந்தை யார் வந்தாலும் வயதைக் கேட்கிறேன். சிலது கோட்டைத் தொடுகிறது, சிலது இல்லை. இதை வைத்து என்ன கண்டுபிடிப்பது.

மே 23, சனி

வந்தார்கள்.

கடல் என்பதால் நீச்சல் கண்ணாடி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். தூரத்தில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருஷக் கண். ஓடிவந்து ஆக்டோபஸின் கைக்குக் கீழே விறைப்பாக நின்று, “தாத்தா, ரெடி” என்றாள். கோட்டுக்கும் தலைக்கும் நடுவே நான்கு விரல்.

மகள் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “நாலு விரல்தானேப்பா. நீங்கதானே நிக்கிறீங்க. நான் கெட்டியா பிடிச்சுக்கறேன்” என்று மெல்லச் சொன்னாள். பின்னால் வரிசை முழுக்க வேடிக்கை பார்த்தது.

எத்தனை நாள் காத்திருந்தேன்! ஒரு தலையாட்டல் போதும், எல்லோருக்கும் சந்தோஷம். முடியாதும்மா என்றேன்.

“இவ்வளவு தூரம் வந்திருக்கோம். போன்லயே சொல்லியிருக்கலாமில்ல?”

“சொல்லியிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க.”

அத்தனை பேர் முன்னால் அது எப்படி வெளியே வந்தது என்று தெரியவில்லை. குரல் வேறு உடைந்து தொலைத்தது. மாப்பிள்ளைதான், பாப்பா தாத்தாவோட இருக்கட்டும், நாம போயிட்டு வருவோம் என்று அவளை உள்ளே கூட்டிப் போனார்.

பாப்பா அழுதாள். கண்ணாடிக்குள் தண்ணீர் கட்டிக்கொண்டது. கழற்றித் துடைத்து மாட்டிவிட்டேன். பிறகு கம்பைப் பிடுங்கி என்னை அளந்தாள்.

“நீ போலாம் தாத்தா. ஏன் போகல?”

“இங்க யாராவது நிக்கணுமே.”

“நான் நிக்கறேன்.”

நின்றாள். தாடி வைத்த ஒருவரை மறித்து, கம்பை அவர் வயிற்றில் வைத்துப் பார்த்து, போலாம் என்று உத்தரவு கொடுத்தாள். அவரும் நன்றி சொல்லிவிட்டுப் போனார். மேலே வண்டி திரும்பும்போது ஒரு அலறல் கேட்டது. அம்மா கத்துறா என்றாள் பாப்பா. எனக்கும் அடையாளம் தெரிந்தது. மகள் குரலை அவ்வளவு சத்தமாகக் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று.

தலை கலைந்து, சிரித்துக்கொண்டே, கண்ணைத் துடைத்துக்கொண்டே இறங்கி வந்தாள். என் பக்கத்தில் வந்து நின்றாள். பிறகு, “சாப்பிட்டீங்களாப்பா?” என்றாள்.

இல்லை என்றேன். நிஜமாகவே சாப்பிட்டிருக்கவில்லை. என்னை மாற்றிவிட ஆள் வந்ததும் நான்கு பேரும் ஊழியர் கேன்டீனுக்குப் போனோம்.

மே 24, ஞாயிறு

வீடு என்னமோ நேற்றைவிடப் பெரிதாக இருக்கிறது.

மே 31, ஞாயிறு

போனை முதலில் எடுத்தது பாப்பா. வளர்ந்துட்டேன் தாத்தா என்றாள். ஒரே வாரத்தில்! பின்னாலிருந்து மகள் வாங்கிக்கொண்டாள்.

“வீட்டுச் சுவத்துல அளந்தா ஒத்துக்க மாட்டேங்கிறாப்பா. உங்க கோட்டுலதான் அளக்கணுமாம். மாசாமாசம் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா.”

போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“வரோம்பா” என்றாள்.

அதற்கப்புறமும் அவள் போனை வைக்கவில்லை. முதல் இறக்கத்தில் பயந்ததைச் சொன்னாள். நான் தாடிக்காரரைப் பற்றிச் சொன்னேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்துவிட்டது.

ஜூன் 9, செவ்வாய்

பூங்காவுக்கு வாராந்திர விடுமுறை. உரிந்த இடங்களுக்குப் பூச்சு அடிக்கப் பெயிண்டர் வந்தார். பலகையில் கோட்டுக்கு நான்கு விரல் கீழே ஒரு சின்ன மீன் வரையச் சொன்னேன். எதுக்கு அண்ணே என்றார். சும்மா, இடம் காலியாக இருக்கிறது என்றேன். நம்பவில்லை. ஆனாலும் நான் விரல் வைத்த இடத்தில் மஞ்சள் மீன் ஒன்றைப் போட்டு, கேட்காமலே அதற்கு நீச்சல் கண்ணாடியும் மாட்டிவிட்டார். நான் எல்லோரிடமும் உளறி வைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

இந்தக் கடலும் ஒரு நாள் போய் வேறு வேஷம் வரும். அப்போது கோட்டோடு சேர்த்து மீனின் மேலும் டேப் ஒட்டச் சொல்ல வேண்டும்.