அப்பா எழுதாமல் விட்ட இடம்

சத்வா, துபாய்

என் தங்கம் ஹர்ஷினிக்கு,

அம்மா உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறேன், மனசைப் பற்றிக் கேட்காதே. நீ அந்த ஜெர்மனிக் குளிரில் வேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

அப்பாவின் காரியம் முடிந்து நீ கிளம்பியதிலிருந்து வீடு வீடாக இல்லையடி. வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அப்பாவோடு நம் வீட்டில் சேர்ந்து பாட வருகிறவர்களுக்கென்று கை தானாக டிகாக்ஷன் போட்டுவிடுகிறது, அப்புறம் அடுப்படியிலேயே நின்று அழுகிறேன். விசா அப்பா பேரில் இருந்தது, அதனால் இந்த பிளாட்டைக் காலி பண்ணிவிட்டு நானும் சென்னைக்குப் போக வேண்டியதுதான். அல் கூஸிலிருந்து பழைய சாமான் எடுக்கிற இர்ஷாத் பாய் பியானோவைப் பார்க்க வந்தார், மூடியைத் திறந்தவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னைக்கு வேணாங்க்கா, அப்புறமா பாத்துக்கலாம் என்று டீ கூடக் குடிக்காமல் போய்விட்டார். கடைசியில் உன்னோடு ஸ்கூலில் படித்த ருமைஸாதான் எங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறேன் ஆன்ட்டி என்றாள், வெள்ளிக்கிழமைக் கூட்டத்தையும் இனி அவளே நடத்துகிறாளாம். இந்த ஊரில் யாருக்காவது வேலை போனால் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள், அப்பாவின் கூட்டத்தில் ஒரு குரல் குறைந்துவிடும், மனுஷர் சளைத்தாரா, லிஃப்டில் முனகிக்கொண்டு வந்தவரைக்கூட விடாமல் இழுத்து வந்து ஜெர்மன் பாட்டுப் பாட வைத்தாரே!

அதை நினைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உன் மெசேஜ் வந்தது. அடுத்த மாதக் கச்சேரியில் பாட மாட்டேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டாயாம், இனி பாட்டே வேண்டாம் என்கிறாய். ஜெர்மன்காரங்க பாட்டை அப்படியே காப்பாற்றினால் மட்டும் போதாது ஷ்யாமளா, நம்ம தமிழும் அந்தப் பியானோவோடு உட்கார்ந்து பேசணும் என்று சொல்லிச் சொல்லித்தானே அப்பா உனக்காக அந்தத் தமிழ்ப் பாட்டைப் போட்டார்? நீ பாடுகிற வரிகள் எல்லாம் முடிந்துவிட்டன, குரல் நின்ற பிறகு பியானோ தனியாக வாசிக்கும் கடைசிப் பகுதியை எழுத உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். முடிவில்லாத பாட்டை எப்படிப் பாடுவது என்று கேட்கிறாய். எனக்கு சங்கீதம் தெரியாது, ஆனால் ஒன்று சொல்கிறேன், கேள்.

நீ இங்கே முதன்முதலாக ஜெர்மன் பாட்டுப் பாடின அன்றைக்கு, நீ வாயை மூடியதும் பாட்டு முடிந்துவிட்டதென்று நான் படபடவென்று கை தட்டினேன், நினைவிருக்கிறதா? நமக்கு சபாவில் தொடையில் தாளம் போட்டு நடுவிலேயே பேஷ் பேஷ் என்று கேட்டுத்தானே பழக்கம். அப்பா வாசித்துக்கொண்டே என்னை முறைத்த முறைப்பு! எல்லோரும் போன பிறகு, அவசரக்குடுக்கை, பியானோ இன்னும் பேசிக்கிட்டிருக்கு, அதுக்குள்ள தட்டுறியே என்றார். அதற்கப்புறமும் நான் திருந்தவில்லை, ஒவ்வொரு தடவையும் தட்டினேன், ஒவ்வொரு தடவையும் திட்டு வாங்கினேன். இனி திட்ட ஆளில்லை கண்ணு.

அதனால் நீ பாடு. முடிவை வேறு யாரையும் எழுத விடாதே. உன் குரல் நின்றதும் பியானோ வாசிப்பவரையும் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரச் சொல், நீயும் அசையாமல் நில். அப்பா எழுதாத இடம் அப்பாவுக்கே இருக்கட்டும். அழுகை வந்தால் வரட்டும், யார் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்.

தொண்டையைப் பார்த்துக்கொள், ஐஸ் தண்ணீர் தொடாதே, நான் கொடுத்தனுப்பிய சுக்குப் பொடியை டப்பாவிலேயே வைத்திருக்காமல் போட்டுக் குடி. நீ நன்றாக இருப்பாய், அப்பாவின் ஆசீர்வாதம் உனக்கு எப்போதும் உண்டு, என்னுடையதும். கச்சேரியை போனில் காட்ட ருமைஸா ஏற்பாடு செய்கிறாள், அப்பா நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். நீ பாடி முடித்த பிறகு எவ்வளவு நேரமானாலும் சரி, இந்தத் தடவை நான் கை தட்ட மாட்டேன்.

உன் அம்மா,
ஷ்யாமளா தியாகு